டபுள் ஸ்டாண்டு காது கிழிந்துவிட்டது: வெல்டு வைப்பதா, கழற்றி எறிவதா?

கேள்வி: காலடிப்பேட்டை வாசகர், 8 அக்டோபர் 2023, இரவு 9.40

100 சிசி வண்டி, 2009 மாடல். டபுள் ஸ்டாண்டு போட்டால் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. இன்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டாண்டைச் சேஸோடு பிடித்திருக்கும் இரண்டு காதில் வலது காது, ஓட்டையிலிருந்து கீழ் விளிம்புவரை கிழிந்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக் "வெல்டு நிக்காது, ஸ்டாண்டக் கழட்டிடு, சைடு ஸ்டாண்டே போதும்" என்கிறார். எதிர்க்கடைக்காரர் இருநூறு ரூபாய்க்கு ராடு ஓட்டித் தருகிறாராம். சேஸில் வெல்டு வைத்தால் வண்டியே போச்சு என்று வீட்டில் மாமா பயமுறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது?

8 அக்டோபர் 2023, இரவு 11.15

மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். கழற்றிக் காயலான் கடையில் போடுங்கள். இப்போது வருகிற பாதி வண்டிகளில் டபுள் ஸ்டாண்டே கிடையாது, யாரும் செத்துப்போகவில்லை. இரண்டு கிலோ இரும்பு குறைந்தால் மைலேஜாவது கூடும்.

9 அக்டோபர் 2023, காலை 6.05

ராத்திரி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தூக்கக் கலக்கத்தில் எழுதியது.

காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் வண்டியின் பிரேக் மிதியில் கால் வைத்தேன், சட்டென்று உறைத்தது. என் வண்டியில் ஸ்டாண்டு எந்தக் குறுக்கு பைப்பில் ஆடுகிறதோ, அதே பைப்பின் வலது முனையில்தான் பின் பிரேக் மிதியும் உட்கார்ந்திருக்கிறது. ஒரே பைப்பு, இரண்டு வேலை. வலது காது கிழிந்தால் பைப்பு ஆடும், பைப்பு ஆடினால் மிதியும் ஆடும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் இந்த அமைப்புதான். ஸ்டாண்டை உருவிப் போட்டாலும் கிழிந்த காது அங்கேயேதான் இருக்கும், மிதியும் அதை நம்பித்தான் இருக்கும்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, பிரேக் மிதியைக் கையால் பிடித்து மேலும் கீழும், அப்புறம் உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். இன்னொருவரைக் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசல் வாய் திறந்து மூடினால் வண்டியை ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். இது நிறுத்துகிற பிரச்சினை என்று நினைத்திருந்தோம். பார்த்தால் நிற்கிற பிரச்சினையாக இருக்கிறது.

9 அக்டோபர் 2023, இரவு 10.30

மிதி ஆடுகிறதாம், கிழிசல் திறந்து மூடுகிறதாம். பதிலாக அவர் போட்டிருக்கும் ஒரே வார்த்தை: "ஐயோ".

சரி, பயப்பட வேண்டாம். இதே வியாதி என் வண்டிக்கும் வந்து, ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும் வைத்தியம் பார்த்தாயிற்று. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

11 அக்டோபர் 2023

என் வண்டி 2006 மாடல். கம்பெனி பேர் வேண்டாம், தெருவுக்கு நாலு பேர் வைத்திருப்பதுதான். வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. இந்தப் பக்கம் இரும்பு வாங்கி வைத்தால் அது நம்முடையது இல்லை, உப்புக்காற்றுடையது. வெளியே பெயிண்டு பளபளக்கும், காதுக்கும் சேஸ் பைப்புக்கும் நடுவில் இருக்கிற மூலையில் துரு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கும்.

ஆனால் காதைக் கிழித்தது துரு மட்டும் இல்லை. என் அப்பா, நைனாதான்.

நைனாவுக்குக் காலையில் பேப்பர் படிக்க ஒரு இடம் வேண்டும். வாசலில் டபுள் ஸ்டாண்டு போட்ட வண்டி. ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப் போட்டு, தலைப்பிலிருந்து ராசிபலன்வரை முக்கால் மணி நேரம். பக்கம் திருப்பும்போதெல்லாம் வண்டி இடமும் வலமும் ஒரு ஆட்டம். வண்டி நூற்றுப் பத்து கிலோ, அவர் எழுபத்தைந்து. முன் சக்கரம் கொஞ்சம் தாங்கினாலும், மீதி எல்லாம் சுண்டுவிரல் நீளமுள்ள இரண்டு தகட்டுத் துண்டின் மேல். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பது தெரியும் அல்லவா, அதைத்தான் அவர் வருஷக்கணக்கில் செய்திருக்கிறார்.

என் பங்கும் உண்டு. ஸ்டாண்டு மேலே மடங்கும்போது முட்டி நிற்க ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது எப்போதோ விழுந்துவிட்டது, நான் கண்டுகொள்ளவில்லை. மடக்குகிற ஒவ்வொரு முறையும் டங்கென்று இரும்பில் இரும்பு. பத்து ரூபாய் ரப்பர். மெட்ரோ வேலைக்காக டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) தோண்டிக் கிடந்த வருஷங்களில், ஸ்பிரிங்கும் தளர்ந்து தொங்கியதால், பள்ளத்தில் இறங்கினால் ஸ்டாண்டு கால் தரையைத் தேய்த்துத் தீப்பொறி பறக்கும். பின்னால் வருகிறவர்கள் ஆரன் அடித்து எச்சரிப்பார்கள். நானும் பெருமையாகக் கை ஆட்டிவிட்டுப் போவேன்.

தெரிந்த நாள் 2018 ஆவணி மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று வேகம் குறைத்தது. மிதியை அழுத்தினேன். மிதி கீழே போகாமல் வெளிப்பக்கமாக விலகிப் போயிற்று, செருப்பு வழுக்கியது. முன் பிரேக்குதான் காப்பாற்றியது. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால் காது இரண்டாகப் பிரிந்து, பழுத்த வெண்டைக்காய் வெடித்த மாதிரி.

14 அக்டோபர் 2023

தப்பாகச் செய்த வைத்தியம். காலடிப்பேட்டை நண்பர் கவனமாகப் படிக்கவும், எதிர்க்கடைக்காரர் இருநூறு ரூபாய்க்குச் செய்யப்போவதும் இதுதான்.

நான் போன கடை எது என்பது வேண்டாம். வண்டியை அப்படியே தரையில் படுக்க வைத்தார். டேங்க் கழற்றவில்லை, பேட்டரி வயர் எடுக்கவில்லை, பெயிண்டு சுரண்டவில்லை. எர்த்து கிளிப்பை ஹேண்டில்பாரில் கடித்துவிட்டு, ஸ்டாண்டும் பைப்பும் உள்ளே இருக்கும்போதே பெயிண்டு மேலும் துரு மேலும் ராடு ஓட்டினார். படபடவென்று வெடித்து, புகை கிளம்பி, பத்து நிமிஷத்தில் முடிந்தது. மேலே கறுப்பு பெயிண்டு ஒரு கோட்டிங். பார்க்க அட்டகாசம்.

வீட்டுக்கு வந்து ஸ்டாண்டு போட்டேன். இடது கால் தரையில், வலது கால் ஒரு விரல் கடை அந்தரத்தில். காது கிழிந்திருந்தபோது பைப்பு மேலே ஏறி உட்கார்ந்திருந்ததல்லவா, அந்த இடத்திலேயே வைத்துப் பற்றவைத்துவிட்டார். வளைந்த எலும்பை நிமிர்த்தாமல் மாவுக்கட்டு போட்ட கதை. உடைந்தாலாவது மறுபடி ஒட்டலாம், கோணலாக ஒட்டிக்கொண்டால் மறுபடி உடைத்தாக வேண்டும்.

நாலு மாதம் தாங்கியது. அப்புறம் கிழிந்தது வெல்டு இல்லை, வெல்டு ஓரம். இதைத்தான் மெக்கானிக்குகள் "வெல்டு நிக்காது" என்று சொல்கிறார்கள். வெல்டு நிற்கும், பக்கத்துத் தகடுதான் நிற்காது. மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் சூட்டைக் கொட்டி, மேலே மேடு கட்டி விட்டால், மேடு முடிகிற ஓரத்தில் எல்லாப் பாரமும் வந்து நிற்கும். துருத் தின்ற தகடு அங்கே விட்டுக்கொடுக்கும்.

எர்த்து கிளிப் விஷயம். ஹேண்டிலில் கடித்தால் கரண்டு சேஸுக்கு வரும் வழி கோன்செட் குண்டுகள், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங். அந்தச் சின்னக் குண்டுகளும் அவை உட்காரும் கிண்ணமும் தொட்டுக்கொள்வது ஊசி முனை அளவு இடத்தில். அங்கே கரண்டு பாய்ந்தால் பொத்தல் விழும். அந்த வெல்டுக்குப் பிறகு ஹேண்டில் நடுவில் வந்தால் ஒரு 'டக்' என்று உட்கார ஆரம்பித்தது. கோன்செட் மாற்றினேன். பழசில் வரிசையாகக் குழி. பள்ளம் விழுந்து வந்த குழியாகவும் இருக்கலாம், நான் அவர்மேல்தான் கோபமாக இருக்கிறேன்.

14 அக்டோபர் 2023, இரவு

"காலடிப்பேட்டைக்காரருக்கே ஸ்டாண்டு காலடி வழுக்குதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காலடிக்கும் அந்த ஊர்ப் பேருக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த காலெட் துரை பேரில் நெசவாளர்களுக்காக வந்த காலெட் பேட்டை அது. நம் வாயில் மூன்று நூற்றாண்டு தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது. தேய்ந்தும் கிழியாத காது.

19 அக்டோபர் 2023

இப்போது சரியாகச் செய்த வைத்தியம். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் பக்கம் ஒரு பட்டறை. அதை நடத்துகிற பாய், கேட் கிரில், தள்ளுவண்டிச் சட்டம், மீன்பாடி வண்டி எல்லாம் செய்பவர். வண்டி மெக்கானிக் இல்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. மெக்கானிக்குக்கு அது ஸ்டாண்டு, பாய்க்கு அது இரண்டு ஓட்டை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டிய வேலை.

"கழட்டிட்டு வா. ஸ்டாண்டு, பைப்பு, சைலன்சர், டேங்க், பேட்டரி எதுவும் இருக்கக் கூடாது. சிடிஐ கப்ளரையும் உருவிடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் எலும்புக்கூட்டைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரையாவது கழற்றாமல் யாரும் சேஸில் வெல்டு வைக்க வேண்டாம். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி என்றால் ஈசியு என்கிற கம்ப்யூட்டர் பெட்டியின் கப்ளரும் கட்டாயம்.

வந்ததும் மிஷினை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. ஒரு அடி நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான, வளைவில்லாத பிரைட் பார் கம்பி ஒன்றை எடுத்து நல்ல காதில் நுழைத்தார். பின்னால் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கம்பியையும் பின் ஆக்சிலையும் சேர்த்துப் பார்த்தார். அப்புறம் டேப்பு. கம்பியின் இடது முனையிலிருந்து ஆக்சில் நடுவுக்கு ஒரு அளவு, வலது முனையிலிருந்து ஒரு அளவு. "எட்டு எம்எம் மேல ஏறிக்கிது, இதுல எப்பிடி நிக்கும்?" என்றார். முதல் ஆள் செய்த வேலையின் ஜாதகம் ஒரே வரியில் முடிந்தது.

கிரைண்டரில் பழைய வெல்டு முழுக்க எடுத்தார், உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை. ஒரு விரிசல் மேலே சேஸ் பைப்பை நோக்கி மயிரிழையாக ஓடியிருந்தது. அதன் நுனியில் மூன்று எம்எம் டிரில்லில் ஒரு பொட்டு ஓட்டை போட்டார். விரிசல் கூர்மையாக இருக்கிறவரைதான் முன்னேறும், வட்டத்தில் போய் விழுந்தால் நின்றுவிடும். அப்புறம் விரிசல் நெடுக வி மாதிரி வாய் வெட்டினார், ராடு அடிவரை இறங்குவதற்காக.

காது வடிவத்துக்கு அளவெடுக்க அட்டை தேடினார். யாருடைய கல்யாணப் பத்திரிகையோ கிடைத்தது. நல்ல காதின் மேல் வைத்து ஓரங்களை விரலால் அழுத்தி, அழுந்திய கோட்டில் கத்திரித்து, அதை ஐந்து எம்எம் பிளேட்டின் மேல் வைத்துச் சாக்கட்டியால் வரைந்தார். மணமகன் பேரில் பாதியும் முகூர்த்த நேரமும் ஒட்டிக்கொண்டிருந்த அட்டை, இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது.

இரண்டு காது ஓட்டையுமே முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. 14 எம்எம் இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் 17 காட்டியது. ஓட்டையை ராடால் நிரப்பித் திரும்ப டிரில் போடுவது ஒரு வழி. பாய் செய்யவில்லை. ராடு இட்ட இடம் ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் இளசு, டிரில் இளசுப் பக்கமே ஓடும் என்றார். பக்கத்து லேத்தில் இஎன்8 என்கிற கெட்டி இரும்புக் கம்பியில் இரண்டு புஷ் (ஓட்டைக்குள் உட்காரும் வளையம்) கடைந்து வாங்கினோம். வெளி விட்டம் 20, உள்ளே 14-க்குக் கொஞ்சம் தளர்வு. காது ஓட்டையை 20-க்குப் பெரிதாக்கி அதில் புஷ்ஷை உட்கார வைத்தார்.

வித்தை இங்கேதான். பிரைட் பார் கம்பியை இரண்டு புஷ்ஷிலும் குறுக்கே செருகி, ஆக்சிலிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிறவரை தட்டிக்கொடுத்து, அப்புறம்தான் டாக் அடித்தார், அதாவது பொட்டு வெல்டு. இடதில் ஒரு பொட்டு, வலதில் ஒரு பொட்டு, திரும்ப இடதில். ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு கம்பியைக் கையால் சுற்றிப் பார்த்தார். இறுகினால் சுத்தியலால் ஒரு தட்டு. கம்பி தானாகச் சுற்றுகிறவரை முழு வெல்டுக்குப் போகவில்லை. போனபோதும் அரை அங்குலம் ஓட்டிவிட்டு மற்ற பக்கத்துக்குப் போய்விடுவார். எர்த்து கிளிப் காதிலிருந்து நாலு விரல் தள்ளி, சுரண்டிய சேஸ் பைப்பில். 12 கேஜ் ராடு, 80 ஆம்பியர் பக்கம். அதைவிடத் தடித்த பத்து கேஜ் வைத்தால் பைப்பு ஓட்டை விழும்.

சூடாக இருந்தபோது நான் ஆர்வக்கோளாறில் தண்ணீர் ஊற்றப் போனேன். கையிலிருந்த மக்கைப் பிடுங்கிவிட்டார். "தானா ஆறட்டும். தண்ணி ஊத்தினா கண்ணாடி ஆயிடும்." நாங்கள் டீ குடித்துவிட்டு வரும்வரை ஆறியது. ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே பெயிண்டு.

புஷ் 300, பாய்க்கு 700, குட்டியானைக்கு 600. கழற்றி மாட்டியதெல்லாம் என் கைவேலை. அன்றைக்கு முழுக் குடும்பமும் "ஸ்டாண்டுக்கு ஆயிரத்து அறுநூறா" என்று கேட்டது. பிரேக்குக்கு என்று பதில் சொல்லியிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

20 அக்டோபர் 2023

மாமா பயமுறுத்தியதற்குப் பதில் சொல்ல மறந்தேன். சேஸில் எங்கே வெல்டு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஸ்டாண்டு காது, ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் எல்லாம் தொங்கவிட்ட உறுப்புகள், செய்யலாம். ஹேண்டில் தலைப்பக்கம், ஸ்விங் ஆர்ம் பிடிமானம் பக்கமெல்லாம் தெருப் பட்டறை வேலை இல்லை. சேஸ் நம்பர் குத்தியிருக்கிற இடத்தின் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது, எஃப்சிக்குப் போகும்போது கதை கந்தலாகிவிடும்.

22 அக்டோபர் 2023

"எல்லாம் புரியுது அண்ணே, ஸ்பிரிங்கைக் கழட்ட முடியல" என்று காலடிப்பேட்டையிலிருந்து தகவல். நான் ஒரு பாகம் முழுக்க விட்டுவிட்டேன்.

ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். என் மச்சான் நெம்பி, ஸ்பிரிங் பறந்து பக்கத்து வீட்டு முறுக்கு டப்பாவில் விழுந்தது. கண்ணில் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது?

வழி இது. ஸ்டாண்டு எந்த நிலையில் ஸ்பிரிங் அதிகமாக நீள்கிறதோ அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மடங்கின நிலைக்கும் நின்ற நிலைக்கும் நடுவில் ஒரு இடத்தில்தான் அது உச்சமாக இழுபடும். அந்த உச்சத்தைத் தாண்டுவதால்தான் ஸ்டாண்டு மேலேயும் தானாக ஒட்டிக்கொள்கிறது, கீழேயும் தானாக நிற்கிறது. இழுபட்ட சுருள்களின் இடுக்கில் ஒவ்வொன்றாக ஒரு ரூபாய் நாணயமோ வாஷரோ செருகுங்கள். எட்டு பத்து செருகியதும் ஸ்டாண்டைத் திருப்பி மடக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீளமாகவே நிற்கும், கொக்கி கையோடு வந்துவிடும். மாட்டும்போதும் அதே நாணயங்களோடு மாட்டி, ஸ்டாண்டை இறக்கினால் பொலபொலவென்று காசு கொட்டும். வண்டி ரிப்பேரில் காசு திரும்பி வருகிற ஒரே இடம்.

24 அக்டோபர் 2023

நேற்று ஆயுத பூஜை. டி.எச். ரோடு முழுக்க வண்டிகளுக்கு வாழைக்கன்றும் சந்தனமும். டபுள் ஸ்டாண்டு இல்லாத புது வண்டிக்காரர்கள் எலுமிச்சம்பழத்தை வைக்கத் தெரியாமல் தவித்ததைப் பார்த்தேன். வண்டி சாய்ந்து நின்றால் பொட்டும் சாய்ந்தே வருகிறது.

கடை எதுவும் திறக்கவில்லை. பாய் மட்டும் திறந்திருந்தார். அவர் மிஷினுக்கும் பையன்கள் பொட்டு வைத்திருந்தார்கள்.

5 நவம்பர் 2023

இரண்டு திருத்தம்.

மணலியில் ஃபேப்ரிகேஷன் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: பாரம் தாங்குகிற இடத்துக்குப் பாய் ஓட்டிய 6013 ரக ராடு எதற்கு, 7018 ரகம் போடலாமே என்று. நியாயம், உறுதி கூடுதல்தான். ஆனால் 7018 ஈரம் தாங்காது, அடுப்பில் காயவைத்துச் சூடாகவே எடுத்து ஓட்ட வேண்டிய ராடு. திறந்து கிடக்கிற பாக்கெட்டில், நம் கடல்காற்றில் ஒரு வாரம் இருந்த 7018-ஐவிட உலர்ந்த 6013 எவ்வளவோ மேல். அவரே பிறகு ஒப்புக்கொண்டார், அவர் கம்பெனியில் ஓவன் இருக்கிறது, பாய் கடையில் டீக்கடை அடுப்புதான் இருக்கிறது.

இரண்டாவது என் தப்பு, பழைய தப்பு. பாய் வேலை முடிந்து ஒரு வருஷம் கழித்து, பின் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதே என்று ஸ்டாண்டு கால்களுக்கு அடியில் ஆறு எம்எம் பிளேட்டு ஒட்ட வைத்தேன். சக்கரம் ஜோராகத் தூக்கி நின்றது. ஆனால் ஸ்டாண்டு போடவே முடியவில்லை. தங்கச்சி முயற்சி செய்து முடியாமல் வண்டியை என்மேல் சாய்த்துவிட்டாள். கால் நீளமானால் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க வேண்டும், மிதிக்கிற இடமோ அதே நீளம்தான்.

உண்மையான காரணம் வேறு. ஸ்டாண்டு கீழே இறங்கியதும் முன்பக்கம் போகாமல் தடுக்க ஒரு ஸ்டாப்பர் முட்டு இருக்கிறது. அது தேய்ந்து போனால் ஸ்டாண்டு நிற்க வேண்டிய கோணத்தைத் தாண்டி முன்னால் சரியும், சரிந்தால் வண்டி இறங்கும். கால் குட்டையாகவில்லை, கால் அகட்டி நின்றிருக்கிறது. பிளேட்டை எடுத்துவிட்டு முட்டில் மூன்று எம்எம் துண்டு ஒட்டியதும் சக்கரம் இரண்டு விரல் தூக்கியது, போடுவதும் பழையபடி சுலபம். அதிகமாகவும் ஒட்டாதீர்கள். கால்கள் பைப்புக்கு நேர் கீழே வந்துவிட்டால் வண்டி சின்ன இடிக்கே முன்னால் உருண்டு இறங்கிவிடும். கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்பதுதான் அதன் பிடிமானம்.

போடுகிற முறையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் கையால் தூக்குகிறார்கள். இரண்டு கால்களும் ஒருசேரத் தரையைத் தொட்ட பிறகு, ஸ்டாண்டில் கால் வைக்கிற மிதியில் முழு உடம்பையும் ஏற்றி நில்லுங்கள். கை சும்மா வழிகாட்டத்தான். தூக்குவது உங்கள் எடை.

10 டிசம்பர் 2023

இன்டர்நெட்டு இன்றுதான் வந்தது. மிக்ஜாம் புயல் நாலாம் தேதி கழற்றிப் போட்டுவிட்டுப் போயிற்று. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்து வீட்டுச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. அங்கே இருக்கிற என் மச்சான் வீட்டு வாசல்படி இன்னும் வழுக்குகிறது. படகு, வலை, வண்டி எல்லாம் ஒரே பிசுக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து அவனுக்குக் கை தோல் உரிந்துவிட்டது.

வண்டி விஷயம் என்றால், தண்ணீர் வருவதற்கு முன்னால் டபுள் ஸ்டாண்டு போட்டு, கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் கொடுத்திருந்தேன். தண்ணீர் ஆக்சிலோடு நின்றது. சைடு ஸ்டாண்டில் நின்ற பக்கத்து வீட்டு வண்டி மண் இளகிச் சாய்ந்து முழுகிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாகப் பைப்பை உருவுங்கள். வெள்ள மண் உள்ளே போனால் அது கிரீஸோடு சேர்ந்து அரைக்கிற பசை ஆகிவிடும். என் பைப்பில் தொட்டபோதே நறநறவென்றது. துடைத்து, புதுக் கிரீஸ், பைப்பு நழுவாமல் பூட்டப் புது ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், ஐந்து ரூபாய்க்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

3 ஜனவரி 2024

"மீன்காரர்கள் ஸ்டாண்டு மட்டும் எப்படித் தாங்குகிறது" என்று தண்டையார்பேட்டைத் தம்பி கேட்கிறார். மச்சான் காசிமேட்டில் மீன் எடுத்து வியாபாரம் செய்பவன், அவனிடம் கேட்டேன். தாங்கவில்லை, மாற்றிக்கொண்டே இருக்கிறோம் என்றான். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுவது நேராக ஸ்டாண்டு பைப்பின் மேல். உப்பும் ஈரமும் இருபத்து நாலு மணி நேரம். அவர்கள் ஆளுக்கு ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார்கள்: இரண்டு காதுக்கும் நடுவில் குறுக்குப் பட்டை ஒட்டி இறுக்குவது, கால் அடியில் அகலத் தகடு வைப்பது, பெட்டி அடியில் ரப்பர் ஷீட் தொங்கவிட்டுத் தண்ணீரை வெளியே ஓடவிடுவது. இதில் எனக்குப் பிடித்தது கடைசிதான். பழைய லாரி ட்யூப்பு வெட்டினது, செலவே இல்லை, மூல வியாதிக்கே மருந்து. அகலத் தகடு சித்திரை வெயிலில் தார் இளகும்போது உதவும். மற்றபடி பள்ளத்தில் தட்டும்.

இன்னொருவர் "எங்க புல்லட்டுக்கு இந்த வியாதியெல்லாம் வராது" என்று ஏறி விளையாடியிருக்கிறார். 1955-லிருந்து நம் திருவொற்றியூரில் செய்த வண்டி, ஊர்ப் பாசத்தில் சும்மா விடுகிறேன். ஆனால் அவர் புல்லட்டை ஸ்டாண்டு போட ஆள் கூப்பிடுகிற சத்தம் தேரடிவரை கேட்கிறதாம்.

ஸ்டாண்டே இல்லாமல் வருகிற வண்டிக்கு வெளியே வாங்கிப் பொருத்தலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சேஸில் அதற்கென்று ஓட்டையோடு காது இருந்தால், அந்த மாடலுக்கான ஸ்டாண்டு கிடைத்தால், தாராளமாக. காதே இல்லாத சேஸில் கிளாம்பு போட்டு இறுக்குவது எனக்கு ஒப்பவில்லை. கிளாம்பு நழுவும், பைப்பு நசுங்கும். மடக்கினால் சங்கிலியிலோ சைலன்சரிலோ இடிக்கிறதா என்று, பின்னால் ஆளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது இடிக்காது.

17 மார்ச் 2024

காலடிப்பேட்டை நண்பர் ஒருவழியாக வேலையை முடித்துவிட்டார். எதிர்க்கடைக்காரரிடம் போகவில்லை, கொருக்குப்பேட்டைக்கும் போகவில்லை, வியாசர்பாடியில் அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறை. கம்பி செருகித்தான் டாக் அடிக்க வேண்டும் என்று அவர் நின்று சண்டை போட்டாராம். "உனக்கு வேலை தெரிஞ்சா நீயே பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்காரர் செருகினாராம். படம் பார்த்தேன். இரண்டு காலும் தரையில், சக்கரம் இரண்டு விரல் மேலே.

ஆனால் பின் பிரேக் லைட்டு எரியவில்லை என்கிறார். தம்பி, மிதியிலிருந்து பிரேக் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. கழற்றியபோது அதைத் தனியாக எடுத்திருப்பீர்கள், மாட்ட மறந்திருப்பீர்கள். டூல் டப்பாவில் பாருங்கள்.

17 மார்ச் 2024, இரவு

டப்பாவில் இருந்ததாம்.

நைனா என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பாய் வேலை முடிந்த வாரமே வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். கைப்பிடி வைத்தது, 450 ரூபாய். அதன் மேல் பேப்பரையும் டீ டம்ளரையும் வைத்துவிட்டு, வண்டி மேல் உட்கார்ந்து படிக்கிறார்.